தூறலுக்கு அனுமதி

ஜூன் 2

காலையிலிருந்து ஒரே கல்யாண வீடியோ எடிட்டிங். மாப்பிள்ளையின் பெரியப்பா எந்த ஷாட்டைப் போட்டாலும் குறுக்கே வந்து நிற்கிறார். அவரை வெட்டினால் மாப்பிள்ளையும் பாதி வெட்டுப்படுகிறார். விட்டுவிட்டேன். வெட்டினால் 'எங்க அண்ணன் முகத்தை ஏன் காட்டல'ன்னு சண்டைக்கு வருவாங்க. எனக்கெதுக்கு வம்பு.

மத்தியானம் என் வீட்டுக்காரர் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்தார். கீழே டயர் கடைக்காரர், "என்ன சார், தீப்பிடிச்சிடுச்சா?" என்று கத்தியது எனக்கே கேட்டது. இவர் நேராக என்னிடம் வந்தார். போனை என் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

படத்தை எடுத்துக்கிறாங்களாம்! எல்லாரும் சந்தா கட்டி வீட்டு டிவியில் பார்க்கிறார்களே, அந்தத் தளத்தில் எங்கள் படம்!

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்த படம். இவர் கேமரா, இவரே டைரக்‌ஷன், நான் எடிட்டிங். பாதியில் விட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, இவர் தலை நரைத்து முடித்த படம். பார்க்க ஆளில்லாமல் ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. இனிமேல் படமே எடுக்க மாட்டேன், கல்யாணத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று போன மாதம்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் சரி என்றேன். என்ன மனசோட சரின்னேன்னு எனக்குத்தான் தெரியும்.

நான் அழவில்லை. மூக்குதான் கொஞ்சம்.

ஜூன் 4

சந்தோஷம் முழுசாக இரண்டு நாள்கூட இருக்கக்கூடாதா?

தளத்திலிருந்து ஒரு பொண்ணு பேசினாள். படங்களைச் சரிபார்த்து ஏற்றுவது அவள் வேலை. குரலைக் கேட்டால் சின்ன வயசு, பேச்சு ரொம்ப மரியாதை. "மேம், படத்துல பயன்படுத்தின இசை, சாஃப்ட்வேர்னு எல்லாத்துக்கும் உரிமச் சான்று வேணும். மாசக் கடைசிக்குள்ள வந்துட்டா ஆகஸ்ட்ல போட்டுடலாம். வரலைன்னா அந்த இடம் வேற படத்துக்குப் போயிடும். அப்புறம் எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

இசை பரவாயில்லை. என் மாமா பையன் போட்டது, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். எடிட்டிங் சாஃப்ட்வேர்தான் சிக்கல். ஸ்டூடியோ ஆரம்பித்த நாளிலிருந்து திருட்டுக் காப்பிதான். 'கிராக்' போட்டுக் கொடுத்தவன் ஸ்க்ரூ. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன், சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும், அதனால் அந்தப் பெயர். "அக்கா, இந்த மிஷினுக்கு மட்டும் இன்டர்நெட்டே காட்டாதீங்க. காட்டினா கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சிடுவான்" என்று சொல்லி ஒயரைப் பிடுங்கிவிட்டுப் போனான். அன்றிலிருந்து காட்டவில்லை. பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வளர்க்கிற மாதிரி வளர்த்தோம்.

இவர் சொன்னார்: "வாங்கிடுவோம். நிஜமா வாங்கிடுவோம்."

ஜூன் 6

வாங்கினோம். பில் என் பெயரில் வந்திருக்கிறது. இருபத்தைந்து இலக்க எண் ஒன்றும் வந்தது. ஒயரை மாட்டி, எண்ணை அடித்து, பட்டனை அழுத்தினேன்.

'செயல்படுத்த முடியவில்லை.'

இன்னொரு தடவை. முடியவில்லை. ஒவ்வொரு இலக்கமாக இவர் படிக்க நான் அடித்தேன். முடியவில்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால் முதலில் பாட்டு, அப்புறம் ஒரு ஆள். "உங்க எண் சரியாத்தான் இருக்கு. ஆனா உங்க கம்ப்யூட்டர் எங்ககிட்ட வந்து கேக்கவே இல்லை" என்கிறார். கேக்கலையா? காலையிலேர்ந்து கெஞ்சிக்கிட்டிருக்கு ஐயா!

திருடும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஒழுங்கா வாங்கின அன்னிக்குத்தான் இந்த அவஸ்தை. மண்டை காயுது.

ஜூன் 7

ஸ்க்ரூ வந்தான். என்னத்தையோ திறந்து பார்த்தான். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

கிராக் போட்ட அன்றைக்கு அவனே உள்ளே ஒரு ஃபைலில் அந்தக் கம்பெனியின் முகவரியை எழுதி, 'இங்கே போகாதே' என்று கட்டளை போட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் அந்தக் கம்பெனி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நாம் பணம் கொடுத்து வாங்கியது அதற்கு எப்படித் தெரியும்?

"வேலை அவ்வளவு சுத்தம் அக்கா" என்றான். பெருமை வேற!

அந்த வரிகளை அழித்தான். எண்ணை அடித்தேன். 'செயல்படுத்தப்பட்டது.' இவர் கைதட்டினார். ஸ்க்ரூ முகம்தான் என்னவோ மாதிரி ஆகிவிட்டது. அவனுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 10

சரிபார்ப்புப் பொண்ணு மறுபடி பேசினாள். சாஃப்ட்வேர் சரி, இசை சரி. "ஹீரோயின் பேசற எழுத்து இருக்கே மேம், அந்த ஃபாண்ட்டுக்கு உரிமம்?"

ஃபாண்ட்டுக்கா! எழுத்துக்குமா சான்று கேப்பாங்க?

எங்கள் கதாநாயகி பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு குரல் போய்விட்டது. அவள் சொல்ல நினைப்பதெல்லாம் அவள் தோளுக்குப் பக்கத்தில் எழுத்தாக வரும். படம் முழுக்க வரும். அதற்கு நான் போட்டது 'தூறல்' என்ற எழுத்து. ஸ்க்ரூ கொடுத்த சி.டி.யில் இருந்தது. ஊரில் எந்த அழைப்பிதழைப் பார்த்தாலும், எந்தக் கடைப் பலகையைப் பார்த்தாலும் அதுதான். யார் செய்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மழை மாதிரி தானாக வந்தது என்று நினைத்தேனோ என்னவோ.

ஜூன் 11

வேறு எழுத்தை மாற்றிப் பார்த்தேன். வட்டமா ஒன்று, மெலிசா ஒன்று, கையால் எழுதினதுபோல் ஒன்று. முதல் எழுத்தில் அவள் பாங்கி நோட்டீஸ் மாதிரி பேசுகிறாள். இரண்டாவதில் கொஞ்சுகிறாள். அவள் கொஞ்சுகிற ஆளே இல்லை.

இவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மாத்திடு. என்ன பண்றது. படம் வந்தா போதும்" என்றார்.

"முடியாது" என்றேன். எனக்கே ஆச்சரியம். வழக்கமாக இவர்தான் பிடித்த பிடியாக நிற்பார், நான்தான் வேலையை முடிக்கப் பார்ப்பேன். "எழுத்தை மாத்தினா அவ வேற ஆளாயிடுவா. வேற ஒருத்திய கொண்டுபோய் அந்தக் கவுண்டர்ல உக்கார வெக்க என்னால முடியாது."

இவர் டீ போடப் போய்விட்டார்.

ஜூன் 12

அச்சகக்காரரிடம் போனேன். எங்கள் கல்யாண ஆல்பங்களுக்கு அட்டை போட்டுத் தருகிறவர். "தூறலா? அது ஃப்ரீம்மா" என்றார் எடுத்த எடுப்பில். யார் சொன்னது என்று கேட்டேன். யோசித்தார்.

"மொத மொதல்ல அதை வரைஞ்சவரே வந்து இந்தக் கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தார். ஒரு நம்பர் குடுப்பார், அதை அடிச்சாத்தான் எழுத்து திறக்கும். அப்புறம் யாரோ அந்த நம்பரை உடைச்சுட்டாங்க. எல்லாக் கடைக்கும் போயிடுச்சு." 'யாரோ' என்று சொல்லும்போது மின்விசிறியைப் பார்த்தார். நான் நோண்டவில்லை.

"இப்ப எங்க இருக்கார்?"

"இங்கதான் வருவாரே. தண்ணி ஃபில்டர் சர்வீஸ் பண்றார்." மூலையில் இருந்த ஃபில்டரைக் காட்டினார். அதன் வயிற்றில் ஒரு ஸ்டிக்கர், அதில் நம்பர்.

அப்படியானால் இத்தனை வருஷமாக அந்த மனுஷன் இங்கே வருகிறார். நாலு சுவரிலும் அவர் எழுத்தில் அச்சடித்த அட்டைகள். நடுவில் குனிந்து ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டுப் போகிறார். அந்த நம்பரை எழுதிக்கொண்டேன்.

ஜூன் 13

போன் செய்தேன்.

"எந்த மாடல் ஃபில்டர்?"

"ஃபில்டர் இல்லைங்க. தூறல் எழுத்து பத்தி—"

"அந்த ஆள் இப்ப இல்லை." வைத்துவிட்டார்.

ஜூன் 15

குறுக்கு வழிதான். இவரைப் பேசவிட்டு, ஸ்டூடியோவுக்குப் புது ஃபில்டர் வேண்டும் என்று வரச்சொன்னேன்.

வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது தாண்டியிருக்கும், கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சுவரில் துளை போட்டுக்கொண்டே தற்செயலாகத் திரும்பினவர் என் திரையைப் பார்த்துவிட்டார். அவள் கவுண்டரில் நிற்கிறாள். தோளருகே 'குடை வேணுமா, குடைக்காரர் வேணுமா?' என்று எழுத்து. டிரில் நின்றது.

"அன்னிக்குப் போன் பண்ணது நீங்கதானா."

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். படம், தளம், மாசக் கடைசி. அனுமதிக் கடிதம் ஒன்று போதும், எவ்வளவு கேட்டாலும் தருகிறோம் என்றேன்.

அவர் நிதானமாகத்தான் பேசினார். அதுதான் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு வருஷம், ஒவ்வொரு எழுத்தா வரைஞ்சேன். விக்க ஆரம்பிச்ச மாசமே ஊர் பூரா ஓசியில ஓடுச்சு. யாரும் வந்து கேக்கல. நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க. அதுவும் எவனோ உங்ககிட்ட அனுமதிச் சீட்டு கேட்டதால கேக்கறீங்க. இல்லைன்னா கேட்டிருப்பீங்களா?"

அவர் டிரில்லை மறுபடி எடுத்தார்.

"வேற எழுத்து ஆயிரம் இருக்கு, மாத்திக்குங்க." ஃபில்டரை ஒழுங்காக மாட்டி, தண்ணீர் பிடித்துக் குடித்துக் காட்டி, பில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. எனக்குத்தான் எரிகிறது.

ஜூன் 16

புது ஃபில்டர் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. குடிக்கக் குடிக்க எரிச்சல்.

ஜூன் 17

இவர் ஒரு யோசனை சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் ஒப்புக்கொண்டால் தலைக்கேறிவிடும். "அவர்கிட்ட சீட்டு கேக்காதே. படத்தைக் காட்டு. அவர் எழுத்து என்ன பண்ணியிருக்குன்னு பாக்கட்டும். அப்புறமும் வேணாம்னா விட்டுடலாம்."

சரிபார்ப்புப் பொண்ணிடம் கெஞ்சி, முன்கூட்டிப் பார்ப்பதற்கு ஒரு லிங்க் வாங்கி அவருக்கு அனுப்பினேன். கூடவே எழுதினேன்: 'நீங்க கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. கேட்டிருக்க மாட்டேன்னுதான் நினைக்கறேன். இதைப் பாருங்க. வேற ஒண்ணும் கேக்கல.'

லிங்க்கைத் திறந்தாரா, எதுவரை பார்த்தார் என்று எனக்கு ஒரு பக்கத்தில் காட்டுமாம். 'திறக்கப்படவில்லை' என்றிருக்கிறது.

ஜூன் 18

திறக்கப்படவில்லை.

ஜூன் 20

திறக்கப்படவில்லை. இன்னொரு கல்யாணம் முடித்தேன். நடுநடுவே அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, பொண்ணு மாப்பிள்ளை பெயரையே மாற்றிப் போட்டுவிட்டேன். நல்லவேளை, இவர் பார்த்துச் சொன்னார்.

ஜூன் 22

திறந்துவிட்டார்! திறந்துவிட்டார்!

அந்தப் பக்கத்தில் பச்சைக்கோடு நகர்கிறது. குடை காட்சி தாண்டியாச்சு. அவள் சூட்கேஸுக்குள் இருக்கும் சட்டைகளை மடித்து வைக்கும் இடம் வந்தாச்சு—

நின்றுவிட்டது.

ஏன் அங்கே? அந்த இடம் நீளம்னு நான் அப்பவே சொன்னேனே இவர்கிட்ட! வெட்டலாம்னு எத்தனை தடவை சொன்னேன்! கேட்டாரா?

சாயங்காலம்: கோடு அப்படியேதான் இருக்கிறது. பிடிக்கலை. அவ்வளவுதான். நாளைக்கு அந்த நோட்டீஸ் எழுத்தைப் போட்டுத் தொலைக்கிறேன்.

ஜூன் 23

காலையில் பல் தேய்க்கும்போது போன். அவர்தான். காது கிழியக் கத்துகிறார்.

"என்னம்மா இது அநியாயம்! என் போன்ல திறந்தேன். பாதியில என் பொண்டாட்டி வந்து பக்கத்துல உக்காந்தா. சின்னதா தெரியுது, டிவில போடுங்கன்னா. டிவில போட்டா, 'இந்த லிங்க் வேறு சாதனத்தில் திறக்கப்பட்டுள்ளது'ங்குது! மறுபடி போன்ல போட்டா அங்கயும் பூட்டிக்கிச்சு! அவ ராத்திரி பூரா அந்த சூட்கேஸ் யாருதுன்னு என் உசுரை வாங்கறா. எதுக்குங்க இந்தப் பூட்டு? நான் என்ன திருடனா?"

கடைசி வார்த்தையைச் சொன்னதும் அவரே நிறுத்திவிட்டார். பிறகு அந்தப் பக்கம் ஒரு சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை. நானும் சிரித்துவிட்டேன். வாயெல்லாம் பேஸ்ட் நுரை.

"பூட்டு போடறதுல எனக்கு சொந்த அனுபவம் உண்டு," என்றார், "ஆனா இவ்ளோ கேவலமா நான் போடல."

சரிபார்ப்புப் பொண்ணைப் பிடித்துப் பூட்டை எடுக்கச் சொல்லியாச்சு. "யாருக்கு மேம்?" என்றாள். "படத்தோட எழுத்துக்காரருக்கு, அவர் வீட்டம்மாவுக்கு" என்றேன்.

ஜூன் 24

கோடு கடைசிவரை போய்விட்டது. திரும்ப ஆரம்பத்துக்கு வந்து, மறுபடி கடைசிவரை போயிருக்கிறது.

போன் மட்டும் வரவில்லை. நான் செய்யமாட்டேன். கேக்கமாட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே.

ஜூன் 25

அவரே ஸ்டூடியோவுக்கு வந்தார். ஃபில்டரை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் என்னை.

"சீட்டு தர்றேன். ஒரு நிபந்தனை."

பெயரைப் பெரிதாகப் போடச் சொல்வார், இல்லை பணம் என்று நினைத்தேன். அவர் என் திரைக்குப் பக்கத்தில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வைத்துக் காட்டினார். "இந்த 'ண' இருக்கு பாருங்க. மூணாவது சுழி. அவசரத்துல போட்டது. அப்பவே எனக்குப் பிடிக்கல, அடுத்த தடவை திருத்தலாம்னு விட்டேன். அடுத்த தடவைன்னு ஒண்ணு வரவே இல்லை. ஊர்ல எந்தப் பலகையைப் பாத்தாலும் அது என்னைப் பாத்து இளிக்குது. உங்க ஹீரோயின் வேற வார்த்தைக்கு வார்த்தை 'வேணாம் வேணாம்'ங்கறா. திருத்தித் தர்றேன். புதுசைப் போட்டாத்தான் அனுமதி. பழசு வேணாம்."

திரையில் அந்தச் சுழியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை வருஷம் அவர் பொருமினது எல்லாரும் எடுத்ததற்காக மட்டும் இல்லை போலிருக்கிறது. சரியில்லாததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே என்றும்தான்.

"இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு" என்றேன்.

"அதான் பேச்சை விட்டுட்டு வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பிவிட்டார்.

ஜூன் 27

புதுத் தூறல் வந்தது. மூன்றாவது சுழி இப்போது அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 'ண' கொஞ்சம் அகலமாகிவிட்டதால் வரிகள் எல்லாம் நகர்ந்துவிட்டன. அவள் சொல்வது சில இடத்தில் அவள் மூக்கு மேலேயே போய் உட்கார்கிறது. ஒவ்வொன்றாக இழுத்து வைக்க வேண்டும். திட்டிக்கொண்டேதான் செய்கிறேன். ஆனால் கை என்னவோ வேகமாக ஓடுகிறது.

ஜூன் 29

படமும் சான்றும் போயாச்சு. அனுமதிக் கடிதத்தை அவர் தன் எழுத்திலேயே அடித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். சரிபார்ப்புப் பொண்ணு, "மேம், இந்தக் கடிதம் பாக்கவே அழகா இருக்கு" என்றாள். எல்லாப் பச்சை டிக்கும் விழுந்துவிட்டது என்றாள். இவர் பக்கத்து அறையில் தூங்குகிறார். எழுப்பவில்லை, எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம். இல்லை, எழுப்பிவிடுகிறேன்.

ஜூலை 18

அச்சகக்காரர் பேசினார். "புது தூறல் வந்திருக்காமே? ஒரு பென் டிரைவ்ல போட்டு அனுப்பும்மா."

"அவர் நம்பர் உங்க ஃபில்டர்லயே இருக்கு. அவர்கிட்ட வாங்கிக்குங்க."

கொஞ்சம் தயங்கினார். "திட்டுவாரோ?"

"திட்டுவார். வாங்கிக்குங்க."

சாயங்காலம் எழுத்துக்காரரிடமிருந்து ஒரே வரி வந்தது: 'அச்சகம் வாங்கியாச்சு. பில் போட்டேன். திட்டவும் செஞ்சேன்.'

ஆகஸ்ட் 14

இன்று வந்துவிட்டது. காலையிலேயே டிவியில் எங்கள் படத்தின் சின்ன போஸ்டர். அவள் கவுண்டரில் நிற்கிறாள். இவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷேவ்கூட செய்யவில்லை. கையில் ஒரு காகிதம், அடுத்த படத்துக்கு ஏதோ கிறுக்கியிருக்கிறார். நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

சாயங்காலம் உட்கார்ந்து பட்டனை அழுத்தினால்: 'இந்தக் கணக்கில் ஒரே நேரத்தில் அனுமதிக்கப்பட்ட சாதனங்கள் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளன.' யார் அது? போன் போட்டுக் கேட்டேன். அக்கா வீட்டில் பார்க்கிறார்கள். கொழுந்தன் வீட்டில் பார்க்கிறார்கள். கீழே டயர் கடையில் கடையைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். எப்போதோ யாருக்கோ பாஸ்வேர்டு கொடுத்தது கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. எடுத்தவங்களுக்கே இடம் இல்லை! யாரையும் நிறுத்தச் சொல்ல மனசு வரவில்லை. நானும் இவரும் சோபாவில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம்.

அப்போதுதான் எழுத்துக்காரர் போன். "பாத்தீங்களா?"

"எங்க பாக்கறது, எங்க கணக்கு நிரம்பி வழியுது."

"நான் தனியா சந்தா கட்டி வெச்சிருக்கேன். நிஜ சந்தா. கிளம்பி வாங்க, உங்களுக்காக நிறுத்தி வைக்கறேன்."

போனோம். சின்ன ஹால், சுவரை அடைத்துக்கொண்டு டிவி, வாசலில் பக்கத்து வீட்டுச் செருப்புகள். அவர் வீட்டம்மா எனக்குத் தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். படம் ஓடியது. யாரோ வந்து அவளிடம் சத்தம் போடுகிறார். அவள் தோளருகே 'கத்த வேணாம், எனக்குக் காது நல்லா கேக்கும்' என்று வருகிறது. எழுத்துக்காரர் ஆசையாக எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், "இதோ, இந்தச் சுழியைத்தான்—" என்று பக்கத்து வீட்டுக்காரருக்குக் காட்ட ஆரம்பித்தார்.

வீட்டம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினார்: "சும்மா உக்காருங்க. அவ பேசிக்கிட்டிருக்கா இல்ல?"

அவர் விரலை மடக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.